குறை சொல்லி வாங்கும் கடை

“உங்க வாழ்க்கையில நீங்க பட்ட பெரிய கஷ்டம் என்ன?” என்று ஆலோசகர் கேட்டார். நான் மனதார யோசித்தேன். “மழைக்காலத்துல வடசேரி சந்தைக்குள்ள செருப்பு வழுக்காம நடக்கது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் என்று பிறகுதான் புரிந்தது.

நான் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்ட வருஷம் அது. பெரிய கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வில் மார்க் வாங்கினால் மட்டும் போதாது. நீ யார், எதற்கு வருகிறாய், வந்து என்ன சாதிக்கப் போகிறாய் என்று கட்டுரை எழுதித் தரவேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற அதே கேள்விகள்தாம். அவர்களையாவது மிக்சரும் காப்பியும் வைத்துச் சமாளிக்கலாம். இவர்களுக்கு வார்த்தைதான் வைக்கவேண்டும், அதையும் அளந்து வைக்கவேண்டும். அளந்து வைக்கச் சொல்லித் தருவதற்கென்றே பெங்களூரில் ஒருவர் இருந்தார். வீடியோவில் தோன்றுவார், பாதி முகம்தான் தெரியும். “ஆதென்டிக்கா இருங்க” என்பது அவருடைய முதல் உபதேசம். அடுத்த மூச்சிலேயே எந்த உண்மையை எப்படித் திருத்தலாம் என்று சொல்லித் தருவார்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் அவருக்கு உயிர் வந்தது. “மூணு கடல்! சூரிய உதயம்! கட்டுரைய அதுலேயே ஆரம்பிங்க.” எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது காய்கறி லாரிகளின் பின்பக்கமும், அதில் எழுதியிருக்கிற ‘ஒலி எழுப்பவும்’ என்கிற வாசகமும்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் சூரிய உதயம் காட்டக் கூட்டிப்போவதைத் தவிர எனக்கும் அந்த மூன்று கடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போகிற அன்றைக்கு மேகமாக இருக்கும்.

“சரி, நீங்க படிக்கறத வீட்ல எதிர்த்தாங்களா?” என்றார் அடுத்து. எங்கள் மாவட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு பி.எட். மேல்தான் விழும். என் அம்மாவே டீச்சர். பெண் பிள்ளை படிக்கமாட்டேன் என்றால்தான் எங்கள் ஊரில் எதிர்ப்பார்கள். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் உண்டு என்று எங்கேயோ படித்திருந்தார் போல. “உங்கப்பா ரப்பர் பால் வெட்டுறவரா இருந்திருந்தா கதை ரொம்ப ஸ்ட்ராங்கா வந்திருக்கும்” என்று பெருமூச்சு விட்டார். அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அப்பாவுக்கு வடசேரி சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். மட்டி, செந்துளுவன், பாளையங்கோட்டான் எல்லாம் வந்திறங்கும் என்றாலும் கடையின் ராஜா ஏத்தன்தான். மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரம் என்பார்கள். ஓணம் நெருங்கினால் சிப்ஸ் போடுகிற கம்பெனிக்காரர்கள் மேற்கேயிருந்து வந்து, லாரி லாரியாக அதை அள்ளிக்கொண்டு போவார்கள். பட்டப்படிப்பு முடித்ததும் நான் கடைக்கு வந்துவிட்டேன். நான்கு வருஷம் அங்கேதான் வேலை. நான் ஒரே பிள்ளை.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வேண்டும் என்று நினைக்கிற குலையை யாரும் வாய்விட்டுப் புகழமாட்டார்கள். ஆசை எவ்வளவோ அவ்வளவுக்குக் குறை சொல்லவேண்டும். அப்பா இதில் கரைகண்டவர். ஒரு குலையைப் பார்த்து “தேவலாம்” என்றால் அவர் அதை வாங்கப்போவதில்லை. “கொள்ளாது” என்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் கொள்ளாம் என்றால் நன்று, கொள்ளாது என்றால் மோசம். “காய் திரளல்ல, தண்டு கறுத்துக் கெடக்கு, சும்மா தந்தாலும் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாரானால் அந்தக் குலை எங்கள் கடையில் இறங்கிவிட்டது. புகழ்ச்சியெல்லாம் கைவிட்டுப் போகவேண்டியவற்றுக்கு மட்டும். சாயங்காலம் மிஞ்சிக் கிடக்கிற கறுத்த பழத்தைக் காட்டி, “தேனாக்கும். தைரியமா எடுத்துக்கிடுங்க” என்பார்.

வீட்டிலும் இதே பாஷைதான். அம்மா வைத்த மீன்குழம்பை, “புளி கூடிப்போச்சு, தேங்கா அரைபடல்ல” என்று திட்டிக்கொண்டே மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டு விருந்தில் “குழம்பு பிரமாதம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவார். கடையில் நான் முதன்முதலாகச் சிப்ஸ்காரர்களிடம் போனில் விலை பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர், “நீ பேசுகதக் கேட்டா வாங்க வந்தவனும் ஓடிப்போவான்” என்றார். மறுநாள் முதல் கடை போன் என் கையில்தான். நான்கு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் சொன்னதில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

எம்.பி.ஏ. என்று வாயைத் திறந்தபோதும் அப்படியே. “உனக்கு ஒரு குலைய ஒழுங்கா எறக்கத் தெரியாது. உன்ன எடுக்கவனுக்குக் கண்ணு தெரியாதா?” என்றார். அம்மா இதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு பாட்டம் சண்டை போட்டாள். எனக்குத் தெரியும், அவர் எதிர்க்கவில்லை, விட மனசில்லாமல் விலை பேசிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சிப்ஸ்காரர்கள் சொல்கிற விலைக்குத் தலையாட்டுகிற வியாபாரம் ரொம்ப நாளைக்கு ஓடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சந்தைக்கு வெளியே உலகம் எப்படி விற்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். நான் போனால் அவருக்கு அடுத்து அந்தக் கடையில் உட்கார ஆள் இல்லை. எனக்குப் போகவும் வேண்டும், அவர் என்னை வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. பேராசைதான்.

முதல் கட்டுரை ஆலோசகரின் கைவண்ணத்தில் தயாரானது. அதில் நான் மூன்று கடல் கூடுமிடத்தில் நின்று உதயசூரியனைப் பார்த்துக் கண்கலங்கினேன். ஆண்கள் மட்டுமே நடமாடும் சந்தைக்குள் அச்சமின்றி அடியெடுத்து வைத்தேன். கீரைக்கட்டு விற்கிற பெண்கள் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே உட்கார்ந்து ஆண்களை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கட்டுரைக்குத் தேவைப்படவில்லை. விவசாயிகளின் வாழ்க்கையில் விளக்கேற்றினேன். அம்மா முழுவதையும் பொறுமையாகப் படித்தாள்.

“யாருட்டி இது?”

“நாந்தான்.”

“அப்பிடியா? நல்ல பிள்ளையாட்டு இருக்கு. எந்த ஊரு?”

அம்மா எனக்காக மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்திருந்தாள். தலைவலி தீரத்தான் வழக்கமாக அதை நேர்ந்துகொள்வார்கள். என் படிப்பை எந்த வியாதியில் சேர்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் இருப்பதை எங்கே கிழிப்பது, அழித்தேன். பிறகு, உள்ளதை எழுதினால் என்ன என்று தோன்றியது. உள்ளது என்று பார்த்தால் ஒரே ஒரு லோடுதான் இருந்தது. ஓணத்துக்கு முந்தைய மழையில் ஒரு லாரி ஏத்தன் வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து, பாதி பழுக்க ஆரம்பித்துவிட்டது. சிப்ஸுக்குப் பச்சைக்காய்தான் வேண்டும். கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்து, வடசேரியிலிருந்து கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வரை ரோட்டோரம் இருக்கிற டீக்கடைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பச்சைக்காய் சிப்ஸாகும் என்றால் பழுத்தது மாவில் முக்கிப் பொரிக்கிற பழம்பொரியாகும். மழைக்காலத்தில் பழம்பொரிக்குக் கூட்டம் சொல்லவேண்டாம். அந்த லோடு முழுவதும் டீக்கடைகளில் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கித் தீர்ந்தது. அதோடு விடவில்லை, அந்தக் கடைக்காரர்களுக்கு அன்றுமுதல் வாரந்தோறும் பழம் போகிறது. அவ்வளவுதான் கதை. யாரும் கண்கலங்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அப்பா சொன்னது: “மொதல்லயே ஒழுங்கான லாரி பாத்து விட்டிருந்தா இந்தப் பாடு உண்டா?” அதையும் எழுதினேன். யாரைக் கூப்பிட்டேன், என்ன சொன்னேன், எவன் திட்டினான் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

ஆலோசகர் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “நல்லா இருக்கு. ஆனா வாழைப்பழம்னு வருதே. ‘பெரிஷபிள் சப்ளை செயின்’னு மாத்திக்கலாமா? பழம்பொரிக்கு ‘வேல்யூ அடிஷன்’.” பழம்பொரிக்குப் பழம்பொரி என்றுதான் பெயர் என்றேன். கடைசிப் பத்தியிலாவது சூரியன் உதிக்கலாமே என்று கெஞ்சினார். எங்கள் கடை கிழக்குப் பார்த்ததல்ல என்றேன். அவர் சொல்லித் தந்ததில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு அவ்வளவு கட்டணம் அதிகம்தான்.

கட்டுரை தேறியது. அடுத்த கட்டம்தான் சிக்கல். வேலை பார்க்கிற இடத்து மேலதிகாரியிடம் என்னைப் பற்றிப் போனில் விசாரிப்பார்களாம். என் மேலதிகாரி அப்பா. குடும்பத் தொழில் என்றாலும் பரவாயில்லை, அவரிடமே பேசுகிறோம் என்று கல்லூரியிலிருந்து எழுதிவிட்டார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? என்னைப் பற்றி ஒருவர் கேட்டால் அப்பா வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். “கொள்ளாது” என்பார். “ஒரு எழவும் தெரியாது” என்பார். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று அதற்குப் பொருள். ஆனால் கேட்கிறவர்கள் வடசேரி சந்தையில் குலை வாங்கியிருக்க வேண்டுமே!

ஆலோசகர் எனக்குச் செய்ததை நான் அப்பாவுக்குச் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தேன்.

“அப்பா, அவங்க கேட்டா நல்லபடியாச் சொல்லணும்.”

“இருக்கதத்தான் சொல்லுவேன்.”

“குறை என்னன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. ஏதாவது சின்னதா ஒண்ணு சொன்னாப் போதும்.”

“சின்னதா ஒண்ணா? எத்தன கெடக்கு.”

போச்சு, என் எம்.பி.ஏ. ஏத்தன்குலையோடு குலையாகத் தொங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அழைப்பு வந்தபோது காலை வியாபாரம் மும்முரமாக இருந்தது. குலசேகரத்து விவசாயி ஒருவர் இளம் ரப்பருக்கு இடையில் போட்ட ஏத்தனைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அருமையான குலைகள். ஆகவே அப்பா அவற்றை அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். பேசியது ஒரு பேராசிரியை, மலையாளி. அப்பாவின் பேச்சு இழுவையைக் கேட்டதும் அவர் மலையாளத்துக்கு மாறிவிட்டார். அப்பாவுக்கும் அது வீட்டுப் பாஷை மாதிரிதான். தன் பாஷையில் திட்டுவதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று என்று எனக்கு வியர்த்தது.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மிடுக்கியாக்கும், மேடம்” என்றார்.

கெட்டிக்காரி என்று அர்த்தம். விவசாயி கையில் பிடித்திருந்த குலையைக் கீழே வைத்தார்.

“இவ போன் எடுத்தா நான் பேசவேண்டாம். போன மழைக்கு ஒரு லோடு வீணாப் போகவேண்டியது. நான் கைய விட்டுட்டேன். இவதான் வித்தா. ஒரு டீக்கடைக்காரன் கெட்டவார்த்தை சொன்னான், நான் பக்கத்துல நிக்கேன், இவ மொகம் மாறல்ல. மறுநாள் அவனுக்கே மறுபடி போன் போட்டா. எனக்கு அதெல்லாம் வராது மேடம். நான் கத்துவேன். இவ கத்தமாட்டா. கடையில எல்லாருக்கும் என்னய விட இவளத்தான் புடிக்கும்.”

எப்போது பார்த்தார் இதையெல்லாம்? நான் போனில் பேசும்போது அவர் குலைகளுக்குப் பின்னால் வைக்கோலைத் தட்டிக்கொண்டுதான் இருப்பார். பேராசிரியை கடைசியில் கேட்டார், குறை என்று ஏதாவது சொல்லமுடியுமா என்று. அப்பா என்னைப் பார்த்தார். வாங்குகிற குலையை ஏற இறங்கப் பார்ப்பாரே, அப்படி.

“குறை ஒண்ணும் இல்ல மேடம். தைரியமா எடுத்துக்கிடுங்க.”

எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று யாரும் நினைக்கவேண்டாம். சாயங்காலம் மிஞ்சின பழத்துக்கு அவர் சொல்கிற வார்த்தை அது. என்னைக் கைவிட்டுவிட்டார். விலை பேசுவதை நிறுத்திவிட்டார். விவசாயி என்னைப் பார்த்துவிட்டு எதற்கோ மேலே தகரக் கூரையைப் பார்த்தார். “என்ன ஓய் பாக்கேரு? உம்ம குலை ஒண்ணும் கொள்ளாது” என்று அப்பா அவர்மேல் பாய்ந்தார்.

இடம் கிடைத்தது. அம்மா மண்டைக்காட்டுக்குப் போய் நேர்ச்சையைத் தீர்த்தாள். ஆலோசகர் தன்னுடைய பக்கத்தில், “வாழைப்பழத்தில் ஒரு வெற்றிக் கதை: எங்கள் உத்தி” என்று பதிவு போட்டுக்கொண்டார். வாழைப்பழம் என்றே எழுதியிருந்தார், சப்ளை செயினைக் காணோம். அப்பா பஸ் ஏற்ற வந்தார். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கித் தந்தார். குலைக்கடைக்காரர், காசு கொடுத்து, பஸ் ஸ்டாண்டில். “நல்லாப் படி மக்கா. நீ நல்லா வருவ” என்றார். பெட்டி பெரிது என்றோ, செருப்பு சரியில்லை என்றோ, பஸ்ஸில் தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மாவட்டம் முடிகிற ஆரல்வாய்மொழி தாண்டும்வரை ஜன்னலோரம் அழுதுகொண்டே அந்த மட்டிப்பழத்தைத் தின்றேன்.

கல்லூரியில் பேரம் பேசுவது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது. எதிராளியின் மனதை அறிய அவனிடம் திறந்த மனதோடு கேளுங்கள் என்று சொல்லித் தந்தார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா, “சாப்பிட்டியா? சுகமா? சந்தோஷம்” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினார். ஒருநாள் அம்மா மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

“மக்ளே, எதுத்த வரிசைக் கடைக்காரன் நம்ம கடையக் கேக்கான்.”

“அப்பா என்ன சொல்லுகாரு?”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அவன்கிட்ட கடையப் பத்தி நல்லதாச் சொல்லுகாரு. எடம் கொள்ளாம், வாடிக்கைக்காரன்மாரு தங்கமான ஆளுங்க, கூர ஒரு சொட்டு ஒழுகாதுன்னு.”

எங்கள் கூரை ஒழுகாத மழை இன்னும் பெய்யவில்லை. வகுப்புக்குப் போகாமல் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். திறந்த மனதோடு கேட்கவேண்டும் என்று பாடத்தில் இருந்தது. கடையைக் கொடுத்துவிடாதீர்கள், நான் வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு என்னவோ வந்தது.

“நம்ம கடை ஒண்ணும் கொள்ளாதுப்பா” என்றேன்.

“என்னட்டி?” என்றார்.

“கூர ஒழுகுது. எடம் நெருக்கம். லாரி திரும்பாது. எடைபோடுகத் தராசு தொட்டா சாயுது. டீக்கடைக்காரன்மாரு ஒருத்தனும் நேரத்துக்கு எடுக்கமாட்டான். அத வாங்குகவனுக்குக் கிறுக்கு. எனக்குச் சும்மா தந்தாலும் வேண்டாம்.”

போனில் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு அப்பா கேட்டார்.

“ஏட்டி, வெல பேசுறியா?”

“ஆமா.”

“ரெண்டு வருசம் ஆகுமே.”

“ஆகும்.”

அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. சளியாக இருக்கும் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பவேண்டாம்.

“உனக்கு வெல பேசவே தெரியல்ல” என்றார். “தராசு சாயுதா? தராசு நேத்துதான் மாத்தினேன். இத்தன வருசம் கடையில நின்னு என்னத்தட்டி படிச்ச? நீ ஏற்பாடு பண்ணிட்டுப் போன டீக்கடை கணக்கு ஒரு மனுசனுக்குப் புரியுதா? போன்ல பேசுகதும் அப்பிடித்தான், ஆளுக ஓடுகானுவ. உன்ன எடுத்தானுவளே, அவனுவளுக்குக் கண்ணு தெரியாதா? நீ ஒண்ணுக்கும் கொள்ளாது.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னார். நான் படிக்கட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“வேற என்ன குறைப்பா?” என்று கேட்டேன்.